பதினெட்டு மஞ்சள் சீட்டுகள்

அந்த டிசைன் ஆபீஸில் மேசைகள் பதினொன்று. அத்தனை பேருக்கும் பட்டப்பெயர் உண்டு என்றாலும், வாடிக்கையாளர் எதிரிலேயே கூச்சமில்லாமல் கூப்பிடப்படும் பட்டப்பெயர் ஒருத்திக்குத்தான். சீட்டக்கா. வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம் ஒட்டிக்கொண்ட பெயர். பத்தொன்பது வருடமாக உதிரவில்லை.

பெயருக்குக் காரணம் அவள் வேலை. ஒரு கம்பெனி ஒரு பொருளைப் புதிதாகச் செய்யவோ மாற்றவோ நினைத்தால், அதைப் பயன்படுத்துகிறவர்களை முதலில் யாராவது போய்ப் பார்க்க வேண்டும். போவது சீட்டக்கா. அவர்கள் வீட்டு நாற்காலியில் உட்கார்ந்து, கேட்டு, பார்த்து, பேச்சைப் பதிவு செய்துகொண்டு வருவாள். பிறகு பதிவைக் கேட்டுக் கேட்டு, அதிலுள்ள குறைகளையெல்லாம் மூன்று அங்குலச் சதுரச் சீட்டுகளில் எழுதுவாள். ஒரு சீட்டுக்கு ஒரு பேச்சு. ஓர் உறையில் இரண்டு கத்தியைச் செருகினாலும் செருகுவாள், ஒரு சீட்டில் இரண்டு பேச்சை எழுதமாட்டாள். மேலே நடுவில் ஆள் எண், கீழே நடுவில் பதிவின் நிமிடமும் விநாடியும். எழுதியதைச் சுவரில் இருந்த நான்கு மீட்டர் தக்கைப் பலகையில் குத்தி, இனத்தோடு இனத்தைச் சேர்ப்பாள். எந்தக் குறை பெருங்கூட்டமாகச் சேர்கிறதோ அதைத்தான் முதலில் சரிசெய்ய வேண்டும்.

யார் சொன்னது என்பதைத் தூரத்திலிருந்தே கண்டுபிடிக்க அவளிடம் ஒரு வழி இருந்தது. சீட்டு கடையில் ஆறு நிறத்தில் கிடைக்கும். சீட்டுக்கு மூலை நான்கு. ஆளுக்கு ஒரு நிறம் கொடுத்து, அதில் ஒரு மூலையைக் கத்தரித்துவிடுவாள். ஆறு நான்கு இருபத்து நான்கு. எந்த ஆய்வுக்கும் அவள் இருபத்து நான்கு பேருக்கு மேல் பார்க்காததன் ரகசியம் அதுதான். இன்னும் ஆறு பேரைப் பார்த்தால் என்ன என்று கேட்டவர்களிடம், "பாக்கலாம், மூலைக்கு எங்க போறது?" என்பாள்.

இரண்டு வருடம் முன்பு வந்த மேலாளர் அவளைவிட ஒன்பது வயது சின்னவர். "அக்கா" என்றுதான் கூப்பிடுவார். அவளுக்குப் பிடிக்காத சேதியாக இருந்தால் "அக்கா" இரண்டு தடவை வரும்.

ஒரு திங்கட்கிழமை காலை ஒன்பது பத்துக்கு அவள் உள்ளே வந்தபோது தக்கைப் பலகை இல்லை. சுவருக்கு வெள்ளை அடித்து, நடுவில் ஆறடித் திரை ஒன்றை மாட்டியிருந்தார்கள்.

"அக்கா, அக்கா, இனிமே சீட்டு வேணாம்," என்றார் மேலாளர். "புதுசா ஒரு சாஃப்ட்வேர் வாங்கியிருக்கோம். பதிவை உள்ள போட்டா அதுவே எழுதிக்கும், அதுவே பிரிச்சுக்கும், அதுவே வட்டம் வட்டமா போட்டுக் காட்டும். எந்த வட்டம் பெருசோ அதுதான் பெரிய குறை. நீங்க மூணு வாரம் பண்றதை நாப்பது நிமிஷத்துல முடிச்சிடும்."

"அப்ப மிச்ச மூணு வாரம் நான் என்ன பண்ணட்டும்?"

"யோசிங்க. யோசிக்க நேரமே இல்லன்னு நீங்கதான சொல்வீங்க."

அவள் யோசித்தாள். யோசித்ததையெல்லாம் எண் போட்டு எழுதி மேலாளருக்கு அனுப்பினாள். ஐந்து வாரத்தில் பதினேழு புகார். முதலாவது, இருமலை அது "ஆமாம்" என்று எழுதுகிறது. இரண்டாவது, பெரியவர் ஒருவர் கிண்டலாக "ரொம்ப அருமையான சாமான்" என்றதைத் திருப்தி என்ற தலைப்பில் சேர்த்திருக்கிறது. மூன்றாவது, எழுத்து சிறியது. நான்காவது, சீட்டின் நிறம் ஆளுக்கு ஆள் மாறுவதில்லை, குறைக்குக் குறைதான் மாறுகிறது. ஐந்தாவது, பிற்பகல் மூன்று மணிக்கு மேல் திரையில் வெயில் அடிக்கிறது. இப்படியே போய்ப் பதினேழாவது, பலகையை எடுத்தபோது அவளுடைய குண்டூசி டப்பாவையும் எடுத்துவிட்டார்கள், அது சொந்தக் காசில் வாங்கியது.

குண்டூசி டப்பா திரும்பி வந்தது. மற்றவற்றுக்குப் பதில் வரவில்லை. "சீட்டக்காவுக்குச் சாஃப்ட்வேர் மேல கோவம் இல்ல, அதுக்குச் சம்பளம் இல்லாததுதான் கோவம்," என்று படம் வரைகிற ஒருவர் சொல்ல, பத்து மேசையும் சிரித்தது. நான்காவது புகாரில் எத்தனை கனம் இருந்தது என்று அன்று ஒருவருக்கும் தெரியவில்லை. எழுதியவளுக்கே தெரியவில்லை, வெயிலுக்கும் சின்ன எழுத்துக்கும் நடுவே அதையும் ஒரு வரியாக வைத்திருந்தாள்.

அந்தச் சமயம் கையில் இருந்த வேலை வாக்கர். வயதானவர்கள் பிடித்துக்கொண்டு நடக்கிற, சக்கரமும் கைப்பிரேக்கும் வைத்த வண்டி. அதைச் செய்கிற கம்பெனியின் முதலாளி கறாரானவர். "அடுத்த தொகுதி வண்டியில ஒரே ஒரு மாத்தம்தான் பண்ண முடியும். எதுன்னு நீங்க சொல்லுங்க. சரியா ஒண்ணு," என்று விரலைக் காட்டிவிட்டுப் போயிருந்தார். அதற்கடுத்த தொகுதிக்கு இரண்டு வருடம் ஆகும்.

சீட்டக்கா இருபத்து நான்கு பேரைப் பார்த்தாள். ஒன்பது பேரை இரண்டாம் தடவையும் போய்ப் பார்த்தாள். மொத்தம் முப்பத்து மூன்று தடவை.

ஏழாம் எண், ஓய்வுபெற்ற டெலிபோன் ஆபரேட்டர் அம்மா. வயது எழுபத்தொன்பது. தனியாக இருக்கிறவர். வாக்கரைத் தள்ளிக்கொண்டு வந்து கதவைத் திறந்தார், தள்ளிக்கொண்டு போய்த் தண்ணீர் கொண்டுவந்தார். குளியலறை வாசலில் மட்டும் வாக்கரை ஓரமாக நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் சுவரைப் பிடித்துக்கொண்டு உள்ளே போனார்.

"ஏம்மா அதை வெளியவே விட்டுட்டீங்க?"

"அது உள்ள வராதும்மா. நான் வாக்கப்பட்ட வீடு, வாசலை இடிக்கவா முடியும்?"

சீட்டக்கா டேப்பை எடுத்து அளந்தாள். வாசல் அறுபத்தொரு சென்டிமீட்டர். வாக்கர் அறுபத்து நான்கு. வாசலுக்கு உள்ளே சுவரில், தோள் உயரத்தில், உள்ளங்கை அளவுக்கு ஒரு கறை இருந்தது. தினமும் பிடித்துப் பிடித்து ஏற்பட்ட கறை. கறைக்குக் கீழே ஓர் ஓடு உடைந்திருந்தது. அது எப்படி உடைந்தது என்று அவள் கேட்கவில்லை. அந்த அம்மாவும் இடது மணிக்கட்டை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார்.

கிளம்பும்போது அவர் கேட்டார்: "இத்தன வருஷம் மத்தவங்க பேச நான் லைன் போட்டுக் குடுத்தேன். இப்ப நான் பேசுறதை எழுதிட்டுப் போறியே, அந்தப் பக்கம் யாராவது எடுப்பாங்களா?"

"எடுப்பாங்கம்மா," என்றாள் சீட்டக்கா. யோசிக்காமல் சொன்ன வார்த்தை. படியிறங்கும்போதே அது கனத்தது.

பதினாறாம் எண், ஓய்வுபெற்ற தையல்காரர். முதல் மாடி, கீழே பஸ் நிறுத்தம். சன்னலைச் சாத்தினாலும் ஹார்ன் சத்தம் வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளும். ஐம்பது வருடம் கத்தரிக்கோல் பிடித்து அவருடைய வலது கைவிரல்கள் மடங்கிப் போயிருந்தன. பிரேக்கைத் தவிர வேறெதைப் பற்றியும் பேச அவர் தயாராக இல்லை.

"இந்த பிரேக்கைச் செஞ்சவன் கையை நான் பாக்கணும்மா. பயில்வானா இருப்பான். எனக்கு இதை அமுக்க ஒரு கை பத்தல, பக்கத்து வீட்டுக்காரரையும் கூப்பிட வேண்டியிருக்கு."

சத்தத்துக்கு நடுவே பேச்சு பதியவேண்டும் என்பதற்காக அவள் ரெக்கார்டரை அவர் மடியிலும், தன் போனை மேசையிலும், கேமராவை அலமாரியிலும் வைத்தாள். மற்ற வீடுகளில் ரெக்கார்டரோடு போனிலும் பதிவு செய்வாள். வீட்டுக்கு வந்ததும் ரெக்கார்டர் சரியாக இருக்கிறதா என்று கேட்டுப் பார்த்துவிட்டு, போன் பதிவை அழித்துவிடுவாள். இங்கே அழிக்க முடியவில்லை. மடியில் இருந்தது விட்டதை மேசையில் இருந்தது பிடித்திருந்தது, இரண்டும் விட்டது கேமராவில் இருந்தது. மூன்றையும் கேட்டால்தான் ஒரு முழுப்பேச்சு. இரண்டாம் தடவை போனபோதும் அப்படியே. பதினாறாம் எண்ணுக்கு மட்டும் ஆறு பதிவு சேர்ந்தது.

சாஃப்ட்வேருக்குள் எதையெதைப் போடுவது என்று அவள் கேட்டபோது மேலாளர் போனில் இருந்தார். கையால் போனின் வாயை மூடிக்கொண்டு, "மொத்த ஃபோல்டரையும் போட்டுடுங்க, அது பாத்துக்கும்," என்றார். அவள் கோபத்தில் இருந்தாள். பத்தொன்பது வருடமாகப் பார்த்துக்கொண்டவளிடம் இனிமேல் அது பார்த்துக்கொள்ளும் என்று சொன்னால் யாருக்கும் வருகிற கோபம்தான். பார்த்துக்கொள்ளட்டும் என்று மொத்த ஃபோல்டரையும் போட்டாள். திரையின் மேல்மூலையில் "அமர்வுகள் 37" என்று வந்தது. முப்பத்து மூன்று தடவை போய் வந்தவள், ஒரு பஸ் டிக்கெட்டின் எண்ணைக்கூட இரண்டு முறை பார்க்கிறவள், அந்த முப்பத்தேழைப் பார்க்கவில்லை. சின்ன எழுத்து என்று ஏற்கெனவே புகார் கொடுத்தாயிற்றே.

நாற்பது நிமிடம் ஆகவில்லை, முப்பத்தாறில் வட்டங்கள் வந்துவிட்டன. பெரிய வட்டம் பிரேக், இருபத்திரண்டு சீட்டு. அடுத்தது குளியலறை வாசல், பதினேழு சீட்டு.

"முடிஞ்சுது," என்றார் மேலாளர். "பிரேக்கை இலேசாக்கணும். வியாழக்கிழமை பதினோரு மணிக்கு முதலாளி வரார், காட்டிடலாம்."

"வாசல்தான் பெருசுன்னு எனக்குப் படுது."

"படுதுன்னா எப்படிக்கா? இருபத்திரண்டு பெருசா, பதினேழு பெருசா?"

"எண்ணிக்கையில அதுதான் பெருசு. ஆனா நான் வீடு வீடா போய்ப் பாத்தேன்."

"அதுவும் எல்லாத்தையும் கேட்டிருக்கு. உங்களைவிடப் பொறுமையா."

இருபத்திரண்டுக்கு எதிராக அவள் கையில் ஒரு சுவர்க்கறையும் ஓர் உடைந்த ஓடும் மட்டுமே இருந்தன. அவற்றைச் சொன்னால் பதினெட்டாவது புகார் என்பார்கள்.

செவ்வாய்க்கிழமை மாலை ஆறு நாற்பதுக்கு, வீட்டுக் கட்டடத்தின் கீழ்த்தளத்தில் அவளும் கணவரும் லிஃப்ட்டுக்காக நின்றார்கள். வீடு ஐந்தாவது மாடி. கணவர் வேறொரு கம்பெனியில் லிஃப்ட் மெக்கானிக். ஊரெல்லாம் ஏற்றி இறக்குகிறவர், சொந்தக் கட்டடத்தில் வாய்மூடி வரிசையில் நிற்பார். முன்னால் நின்ற இரண்டாவது மாடிக்காரர் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

"சார், ஒரு தடவ போதும்," என்றார் கணவர்.

"அமுக்க அமுக்கச் சீக்கிரம் வரும்."

"நீங்க எட்டு தடவ அமுக்கினாலும் அதுக்கு நீங்க ஒரே ஆள்தான் சார். பட்டன் ஒண்ணுதானே."

லிஃப்ட் வந்தது. இரண்டாவது மாடிக்காரர் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஏறி, இறங்கிப் போனார். கதவு மூடியபிறகு சீட்டக்கா கேட்டாள்:

"ஏங்க, அதே ஆள் மூணு மாடியிலயும் போய் அமுக்கிட்டு வந்தா?"

"அப்ப மூணு பேருன்னுதான் நினைக்கும். மூணு மாடியிலயும் நின்னு, கதவைத் தொறந்து, காத்து வாங்கிட்டு வரும்."

"அது யார் தப்பு?"

"லிஃப்ட் தப்புன்னு சொல்ல முடியாது. அமுக்கினவன் தப்பு." பையைக் கைமாற்றிக்கொண்டு அவளைப் பார்த்தார். "ஏன், நீ எங்க போய் அமுக்கினே?"

ஐந்தாவது மாடி வந்தது, கணவர் இறங்கினார். கதவு மூடி, யோசனையில் நின்றவளை மட்டும் மறுபடி கீழே கொண்டுபோயிற்று. இருபத்தைந்து வருட லிஃப்ட் மெக்கானிக்கின் மனைவி ஒரு தடவைகூட அப்படிப் போனதில்லை.

புதன்கிழமை எட்டு ஐந்துக்கே ஆபீஸில் இருந்தாள். பிரேக் வட்டத்தைத் திறந்து, இருபத்திரண்டு சீட்டையும் ஒவ்வொன்றாக அழுத்தி, அது வந்த பதிவைப் போட்டுக் கேட்டாள். "ஒரு கை பத்தல" என்ற இடத்தில் பஸ் ஹார்ன் அடித்தது. அடுத்த சீட்டிலும் "ஒரு கை பத்தல", அதே இடத்தில் ஹார்ன், கொஞ்சம் தூரத்தில். மூன்றாவது சீட்டிலும் ஹார்ன், அலமாரிக்குள்ளிருந்து கேட்பதுபோல. ஒவ்வொரு பதிவிலும் தெருச்சத்தம் வேறு வேறு வார்த்தையைத் தின்றிருந்ததால், மூன்றையும் மூன்று வாக்கியம் என்று சாஃப்ட்வேர் எடுத்துக்கொண்டது. கோப்பு ஒன்றுக்கு அமர்வு ஒன்று என்பதுதான் அதற்குத் தெரிந்த கணக்கு.

தையல்காரர் இரண்டு தடவையிலும் சேர்த்துச் சொன்னது ஆறு பேச்சு. மூன்று கருவியில் பதினெட்டு. மிச்சம் நான்கு சீட்டு, மூன்று பேர் சொன்னவை. ஆக இருபத்திரண்டு சீட்டுக்குப் பின்னால் இருந்தவர்கள் நான்கே பேர். வாசல் வட்டத்தையும் பிரித்தாள். பதினேழு சீட்டு, பதினான்கு பேர்.

ஒன்பது நாற்பதுக்கு இந்தக் கணக்கை ஒரு தாளில் எழுதி முடித்தாள். சாஃப்ட்வேர் தப்பு செய்யவேண்டும் என்று ஐந்து வாரமாக அவள் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு காத்திருந்தாள். இப்போது தப்பு கிடைத்துவிட்டது, அது அவளுடையது. மூன்று கருவி வைத்ததும் அவள். அழிக்காமல் விட்டதும் அவள். ஃபோல்டரைத் தூக்கிப் போட்டதும் அவள். கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியாமல் பேனாவை மூடியில் செருகிச் செருகி எடுத்தாள்.

ஒன்பது ஐம்பதுக்கு மேலாளர் வந்தார். பை தோளில் இருக்கும்போதே சொன்னாள்.

"அக்கா, அக்கா. இது பதினெட்டாவதா?"

"இதுக்கு எண் போடல. இது புகார் இல்ல, தப்பு. என் தப்பு."

அவர் தாளை வாங்கினார், பார்த்தார். படித்த மாதிரி இல்லை. "அறிக்கை நேத்து சாயங்காலம் அஞ்சரைக்கே முதலாளிக்குப் போயிடுச்சு."

"இப்ப ஒரு போன் பண்ணிச் சொல்லிடலாமே."

"என்ன சொல்ல? நாங்க எண்ணத் தெரியாதவங்கன்னா? இந்தச் சாஃப்ட்வேரை வாங்கச் சொன்னதே நான்தான். ஒரு வருஷச் சந்தா கட்டியாச்சு." நாற்காலியில் உட்கார்ந்து நெற்றியைத் தேய்த்தார். அவரும் சரியாகத் தூங்காதவர்போல இருந்தார். "சரி, பிரேக் இலேசானா யாருக்கு என்ன நஷ்டம்?"

"ஒரே ஒரு மாத்தம்தான். அதை இங்க குடுத்துட்டா வாசலுக்கு ஒண்ணும் இல்ல."

"அடுத்த தொகுதியில பாத்துக்கலாம்."

"அந்தம்மாவுக்கு எழுபத்தொம்பது வயசு."

"எந்தம்மா?"

பெயரும் எண்ணும் சொல்லலாம். சொன்னால் இருபத்து நான்கில் ஒன்று என்பார்.

"நாளைக்கு இதை எடுக்காதீங்க, ப்ளீஸ்," என்றார் மேலாளர். "நானே பக்குவமா ஒரு வார்த்தை சொல்லிக்கிறேன்."

பக்குவம் வருவதற்குள் பழம் அழுகிவிடும் என்று அவளுக்குத் தெரியும். மதியம் கடைக்குப் போய் ஆறு நிறத்திலும் சீட்டு வாங்கினாள். இரண்டு மணிக்கு உட்கார்ந்து, இரண்டு வட்டத்திலும் இருந்த முப்பத்தொன்பது சீட்டையும் உள்ளது உள்ளபடியே கையால் எழுதினாள். ஒன்றைக்கூடக் கூட்டவில்லை, குறைக்கவில்லை. ஆளுக்கு ஒரு நிறம், ஆளுக்கு ஒரு மூலை. பதினாறாம் எண்ணுக்கு மஞ்சள், கீழ் வலது மூலை. ஒரே மூலையைப் பதினெட்டு தடவை கத்தரித்தபோது, தையல்காரர் விரல் எப்படி மடங்கியிருக்கும் என்று அவளுக்கே கொஞ்சம் புரிந்தது.

வியாழக்கிழமை காலை கூட்ட அறையில் ஒட்ட இடம் தேடினாள். புதுச் சுண்ணாம்பில் எதையும் ஒட்டக்கூடாது என்று அறிவிப்பு ஒட்டியிருந்தது. சன்னல் கண்ணாடியில் ஒட்டினாள். இடது கண்ணாடியில் பிரேக், வலது கண்ணாடியில் வாசல்.

பத்து நாற்பதுக்கு மேலாளர் வந்து கதவருகே நின்றார்.

"அக்கா. சுவர்ல ஒட்டக்கூடாதுன்னு…"

"இது கண்ணாடி."

கழற்றச் சொல்ல அவர் வாயெடுப்பதற்குள் முதலாளி வந்துவிட்டார், இருபது நிமிடம் முன்னதாக. தடித்த மனிதர், எங்கே போனாலும் சட்டைப்பையில் இரும்பு டேப் இருக்கும். திரையைப் போட்டு மேலாளர் பேச ஆரம்பித்தார். பேசியது நன்றாகத்தான் இருந்தது. ஆனால் முதலாளியின் கண் திரையில் இல்லை. வெளிச்சம் கண்ணாடி வழியாக வந்துகொண்டிருந்தது. இடதுபக்கம் மஞ்சளாக, வலதுபக்கம் பல நிறமாக.

"அது என்ன, ஒரு பக்கம் பூரா மஞ்சள்?"

"அது பழைய முறை சார். எங்க அக்கா ஒரு…"

"அதுவும் இந்த வட்டமும் ஒண்ணுதான் சார்," என்றாள் சீட்டக்கா. "மஞ்சள்ல மூலை ஒரே மாதிரி வெட்டியிருக்கிறதெல்லாம் ஒரே ஆள். பதினெட்டு. அவர் பேச்சை நான் மூணு கருவியில பதிவு பண்ணேன். மூணையும் உள்ள போட்டுட்டேன். அது மூணு பேர்னு எடுத்துக்கிச்சு. தப்பு என்னுது. பிரேக்னு சொன்னது நாலு பேர். வாசல்னு சொன்னது பதினாலு பேர்."

முதலாளி எழுந்து கண்ணாடி அருகே போனார். வலதுபக்கத்து மூலைகளை விரலால் தொட்டுத் தொட்டு எண்ணினார். பதினான்கு வந்ததும் திரும்பினார்.

"பிரேக் ஸ்பிரிங்குக்கு ஆர்டர் குடுத்துட்டேனே."

"எப்போ சார்?" என்றாள்.

"நேத்து மதியம் மூணு மணி. உங்க அறிக்கையைப் படிச்சிட்டுத்தான்."

சீட்டக்கா மேலாளரைப் பார்க்கவில்லை. பார்க்கத் தேவையில்லை, ஒன்பது ஐம்பதிலிருந்து மூன்று வரைக்கும் ஐந்து மணி நேரம் பத்து நிமிடம் என்பது இருவருக்கும் தெரியும். ஒரு போன் பண்ண இரண்டு நிமிடம் போதும்.

முதலாளி கொஞ்ச நேரம் டேப்பை இழுத்து இழுத்து விட்டார். "வாசல் அளவு எடுத்தீங்களா?"

பதினான்கு வாசலின் அளவையும் அவள் சொன்னாள், தாளைப் பார்க்காமல். ஐம்பத்தாறிலிருந்து அறுபத்தைந்து வரை. அவர் கணக்குப் போட்டார். அறுபத்து நான்கை ஐம்பத்தெட்டாக்கினால் வண்டி சாய்ந்துவிடும். ஐம்பத்தொன்பது வரைக்கும்தான் குறுக்கலாம். ஸ்பிரிங் வந்தால் அலமாரியில் கிடக்கட்டும், மாற்றம் ஒன்றுதான், அது அகலம். தொகுதி ஐந்து வாரம் தள்ளிப்போகும். "இதுக்கு நான் சந்தோஷப்படணுமா, கோவப்படணுமான்னு தெரியல," என்று சொல்லிவிட்டு, தண்ணீரைக்கூடக் குடிக்காமல் போய்விட்டார்.

கதவு மூடியது. மேலாளர் திரையை அணைத்தார்.

"என்கிட்ட தனியா சொல்லியிருக்கலாம்."

"சொன்னேனே. நேத்து, பை தோள்ல இருக்கும்போது."

"சொன்னீங்க. புலி வருது, புலி வருதுன்னு பதினேழு தடவ கேட்டவனுக்குக் குண்டூசி டப்பா எது, புலி எதுன்னு எப்படிக்கா தெரியும்?"

அநியாயமான கேள்வி என்று அவளால் சொல்ல முடியவில்லை. தன் மேசைக்கு வந்து, பழைய பட்டியலை எடுத்து நான்காவது வரியைப் படித்தாள். அங்கேதான் இருந்தது, தெளிவாக, தன் கையெழுத்தில். சாஃப்ட்வேர் கம்பெனிக்கு நேராகவே ஒரு கடிதம் எழுதினாள்: சீட்டின் நிறத்தை ஆளுக்கு ஆள் மாற்ற வழி வேண்டும், கோப்பு வேறு ஆள் வேறு. ஒரே விஷயம், ஒரே பத்தி. நான்கு நிமிடத்தில் பதில் வந்தது: "உங்கள் மதிப்புமிக்க கருத்து பதிவுசெய்யப்பட்டது." எத்தனை தடவை பதிவுசெய்தார்களோ.

பிறகு வாசல் அளவுகளைத் திரும்பப் போட்டுப் பார்த்தாள். ஐம்பத்தொன்பது வண்டி, இரண்டு பக்கமும் ஒரு சென்டிமீட்டராவது இடைவெளி வேண்டும். பதினான்கில் எட்டு வாசலில் நுழையும். ஏழாம் எண் அதில் ஒன்று, மயிரிழையில் நுழையும். ஆறு பேர் சுவரைத்தான் பிடித்துக்கொண்டு போகவேண்டும். போன் பண்ணி ஆபரேட்டர் அம்மாவிடம் சொன்னாள்.

"லைன்ல இருக்கீங்களாம்மா?"

"இருக்கேன், இருக்கேன். எடுப்பாங்களான்னு கேட்டேனில்ல, எடுத்துட்டாங்க, அதைத்தான் கேட்டுட்டிருக்கேன்," என்றார்.

அந்த ஒரு போனோடு அவள் நிறுத்தியிருக்கலாம். ஆனால் கணக்கு என்றால் இரண்டு பக்கமும் எழுதவேண்டும். பதினாறாம் எண்ணுக்கும் போன் பண்ணினாள். பின்னணியில் பஸ் ஹார்ன் கேட்டது. பிரேக் இந்தத் தடவை மாறாது என்றாள். ஏன் என்று அவர் கேட்க, உள்ளதைச் சொன்னாள்: மூன்று கருவி, மூன்று தடவை, அதனால் எண்ணிக்கை கூடிப்போயிற்று, பிறகு குறைத்துவிட்டோம்.

"இரும்மா," என்றார் தையல்காரர். "நான் சொன்னதை மூணு தடவ கேட்டீங்களா?"

"ஆமாங்க ஐயா."

"மூணு தடவ கேட்டுமா பிரேக்கை மாத்தல?"

அவளுக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. இரண்டையும் அவருக்குக் கேட்காமல் அடக்கிக்கொண்டு, அடுத்த தொகுதிக்குச் சொல்வதாகச் சொன்னாள். அடுத்த தொகுதி எப்போது என்று அவர் கேட்டார். இரண்டு வருடம் என்றாள். "விரல் அதுவரைக்கும் மடங்கிட்டே இருக்கும், பரவாயில்ல," என்று போனை வைத்தார்.

சீட்டக்கா கட்டிலிருந்து ஒரு மஞ்சள் சீட்டை உருவினாள். மேலே நடுவில் பதினாறு என்று எண் போட்டு, அவர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் எழுதி, கீழ் வலது மூலையைக் கத்தரித்தாள். குண்டூசி டப்பாவையும் எடுத்தாள். சீட்டை ஒரு கையிலும் குண்டூசியை ஒரு கையிலும் வைத்துக்கொண்டு எழுந்து, வெள்ளைச் சுவர்ப் பக்கம் நான்கு எட்டு வைத்தபிறகுதான் பலகை இல்லாதது நினைவு வந்தது.